லபெட் பாக்கெட்டுக்குள் தனி அறை: நடுத்தடுப்பு எந்த ஃபிலிமில், சீல் எப்படி?

கமாயுத்_கடை

எல்லாருக்கும் வணக்கம். லபெட்டையும் (பர்மாவின் புளிக்கவைத்த தேயிலை) வறுத்த பயறுக் கலவையையும் ஒரே பையில், நடுவில் தடுப்பு வைத்து இரண்டு அறையாகப் போட வேண்டும். இலை 100 கிராம், கடலை எண்ணெயும் பூண்டும் சேர்த்துப் பிசைந்தது. கலவை 60 கிராம்: மொச்சை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, எள், பொரித்த பூண்டு. மாதம் 3,000 பை. கையில் இருப்பது 40 செ.மீ. கையமுக்கு இம்பல்ஸ் சீலர் (அமுக்கும்போது மட்டும் கம்பி சூடேறும்) ஒன்று, பேண்ட் சீலர் (பை பட்டையில் ஓடியபடி ஒட்டும்) ஒன்று.

பை அளவு 16 × 22 செ.மீ. முன்னும் பின்னும் வெளிப்பக்கம் 12 மைக்ரான் பெட் (PET, பாலியஸ்டர் ஃபிலிம்), உள்பக்கம் 70 மைக்ரான் எல்.எல்.டி.பி.ஈ (LLDPE, ஒரு வகைப் பாலிதீன்). தடுப்புக்கும் அதே ஃபிலிமைப் போட்டு 20 மாதிரிப் பை வந்தது. அதில் மூன்று கோளாறு.

தடுப்பின் ஒரு பக்கம் நன்றாக ஒட்டியிருக்கிறது, மறுபக்கம் இரண்டு விரலால் இழுத்தாலே அப்படியே பிரிந்து வருகிறது. பிரியாத பைகளில் மேல் மூலையில் எண்ணெய் கசிகிறது (தடுப்பு மேல் சீலுக்குள் 3 மி.மீ. மட்டும்தான் நுழைகிறது). பத்து நாளில் கடலை நமுத்துவிடுகிறது, பூண்டு வாடையும் அதில் ஏறிவிடுகிறது.

எந்த ஃபிலிம் கேட்க வேண்டும்? இரண்டு அறைக்கும் வாய் மேலேயே இருந்தால் கையால் எப்படி நிரப்புவது? மரக்கரண்டி ஒன்றும் சிறு அட்டை ஒன்றும் வைக்க வெளியே இன்னொரு பாக்கெட் சேர்க்க முடியுமா?

---

பைச்சூடு

தம்பி, முதல் கோளாறு சீலரில் இல்லை, ஃபிலிமின் முகத்தில் இருக்கிறது. உங்கள் லேமினேட்டுக்கு (பசையால் ஒட்டிய அடுக்கு ஃபிலிம்) உள்முகம் எல்.எல்.டி.பி.ஈ, அது 120–125 டிகிரியில் உருகி ஒட்டும். வெளிமுகம் பெட், அது உருக 250 டிகிரி தாண்ட வேண்டும். அதே லேமினேட்டை நடுவில் வைத்தால் ஒரு பக்கம் எல்.எல்.டி.பி.ஈ-யும் எல்.எல்.டி.பி.ஈ-யும் சந்திக்கும், மறுபக்கம் பெட்டும் எல்.எல்.டி.பி.ஈ-யும் சந்திக்கும். அந்த இரண்டாவது ஜோடி எந்தச் சூட்டிலும் பிடிக்காது. சூட்டை ஏற்றிக்கொண்டே போனால் வெளிப்பை சுருங்கும், தடுப்பு அப்போதும் பிரியும்.

ஆகவே தடுப்பு இரண்டு முகத்திலும் சீல் ஆகிற ஃபிலிமாக இருக்க வேண்டும். கேட்க வேண்டியது பி.ஈ (பாலிதீன்) – நைலான் – பி.ஈ என்று மூன்றடுக்காகச் சேர்த்து ஊதிய ஃபிலிம், 60 மைக்ரான். வெறும் பி.ஈ 80 மைக்ரானில் போட்டாலும் சீல் பிடிக்கும். ஆனால் பி.ஈ ஈரத்தை ஓரளவு நன்றாகத் தடுத்தாலும் எண்ணெய், வாடை, காற்று மூன்றையும் மெல்ல உள்ளே விடும். நைலான் இதற்கு நேர் எதிர்: வாடையையும் காற்றையும் தடுக்கும், ஈரத்தை விடும். உங்கள் பையில் ஒரு பக்கம் ஈர இலையும் பச்சைப் பூண்டும், மறுபக்கம் மொறுமொறு கடலை. இரண்டு வேலையும் வேண்டும் என்பதால்தான் மூன்றடுக்கு.

கடையில் "நைலான் ஃபிலிம்" என்று கேட்டால் பெரும்பாலும் வேக்குவம் பை ஃபிலிம்தான் கொடுப்பார்கள். அதில் நைலான் வெளிமுகமாக இருக்கும், ஒரு பக்கம் மட்டும்தான் ஒட்டும். வாங்குமுன் ஒரு துண்டை ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் மடித்து, இரண்டு மடிப்பையும் சீல் வைத்து இழுத்துப் பாருங்கள். இரண்டிலும் ஃபிலிம் நீண்டு கிழிய வேண்டும். ஒன்று பட்டையாகப் பிரிந்தால் அந்த ரோல் தடுப்புக்கு ஆகாது.

அடுத்து மேல் மூலைக் கசிவு. தடுப்பின் விளிம்பு முடிகிற இடத்தில் மூன்று அடுக்கு இரண்டு அடுக்காகிறது. கெட்டியான சீலிங் பார் மூன்று அடுக்கு இருக்கும் மேட்டை அழுத்தும். பக்கத்துப் பள்ளத்தில் அழுத்தம் குறையும். அந்தப் படியோரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு குழாய் நிற்கும். தண்ணீர் அதில் போக யோசிக்கும், எண்ணெய் யோசிக்காது. உங்கள் பையில் அந்தப் படி மேல் சீலுக்கு உள்ளேயே இருக்கிறது. விளிம்பைச் சீலுக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள்; தடுப்பு சீலைத் தாண்டி மேலே நீள வேண்டும். அதோடு பாரின் எதிர்ப்பக்கத்தில் சிலிக்கான் ரப்பர் பட்டை இருக்கிறதா, நடுவில் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். குழி விழுந்த ரப்பரில் எந்தச் சூடும் உதவாது.

விளிம்புகளைப் படிப்படியாக வெட்டச் சொல்லுங்கள்: பின்தாள் நீளம், தடுப்பு அதைவிட 10 மி.மீ. குறைவு, முன்தாள் இன்னும் 10 மி.மீ. குறைவு. மேல் சீல் முன்தாளின் விளிம்புக்குக் கீழே 5 மி.மீ. விட்டு, 10 மி.மீ. அகலத்தில். இதில் இரண்டு லாபம். படி முழுவதும் சீலுக்கு வெளியே போய்விடுகிறது. நிரப்புகிறவர்களுக்கும் எந்த வாய் எது என்று விரலிலேயே தெரியும். மூன்று விளிம்பும் ஒரே மட்டமாக இருந்தால் பி.ஈ தாள்கள் மின்னூட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். அவசரத்தில் கடலையை இலை அறைக்குள் கொட்டுவது நிச்சயம் நடக்கும். தொங்கவிட ஓட்டை வேண்டுமென்றால் மூன்றும் சேர்ந்த சீல் பகுதியில் போடுங்கள், நீட்டி நிற்கும் ஒற்றைத் தாளில் போட்டால் கிழியும். அதற்கு மேல் சீலை 25 மி.மீ. ஆக்கிக்கொள்ள வேண்டும்.

நிரப்பும் முறை. முதலில் இலை, பிறகு கடலை. இலையைக் கரண்டியால் போடாதீர்கள். 5 செ.மீ. விட்டமுள்ள ஸ்டீல் குழாயை வாய்க்குள் 4 செ.மீ. ஆழம் இறக்கி, அதன் வழியே தள்ளுங்கள். சீல் வைக்கும் இடத்தில் எண்ணெய் படக்கூடாது. பட்டால் துடைத்தும் பயன் பாதிதான். இலை போட்டதும் கடலை அறைக்குள், அதாவது தடுப்புக்கும் பின்தாளுக்கும் நடுவே, 3 செ.மீ. அகல டெஃப்லான் துணிப் பட்டையைச் செருகி மேல் சீலை வையுங்கள். டெஃப்லான் இருக்கும் பக்கம் ஒட்டாது. முன்தாளும் தடுப்பும் மட்டும் ஒட்டும். பட்டையை உருவிவிட்டுக் கடலையை நிரப்பி, அதே இடத்தில் இன்னொரு சீல். இலை அறைக்கு இரண்டு முறை சூடு கிடைத்துவிடும், அது நல்லதுதான். எள்தான் இங்கே எதிரி. ஒரே ஒரு எள் சீலில் மாட்டினால் அதன் இரு பக்கமும் குழாய் நிற்கும். கடலை அறைக்கும் ஸ்டீல் குழாய் வைத்தே நிரப்புங்கள்.

சூடு: நேரடிச் சூட்டு பாராக (எப்போதும் சூடாகவே நிற்கும் சட்டம்) இருந்தால் 145 டிகிரி, 1 விநாடியில் தொடங்கி 5 டிகிரியாக ஏற்றிப் பாருங்கள். மூன்று அடுக்குக்கு, இரண்டு அடுக்குக்கு வைப்பதைவிட 10–15 டிகிரி கூடவோ அரை விநாடி கூடவோ தேவைப்படும். இம்பல்ஸில் டிகிரி தெரியாது, டைமர் எண் மட்டும்தான். அங்கே ஜெனரேட்டர்தான் விஷயம். 230 வோல்ட்டில் அமைத்த டைமர், மின்னழுத்தம் 190-க்கு இறங்கினால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குச் சூடுதான் கொடுக்கும், ஏனென்றால் சூடு வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. கரன்ட் மாறி ஜெனரேட்டருக்குப் போனதும் முதல் மூன்று பையைக் கிழித்துப் பாருங்கள். ஸ்டெபிலைசர் இல்லாமல் இந்த வேலையைத் தொடர்ந்து செய்ய முடியாது. கம்பி மேல் இருக்கும் டெஃப்லான் துணி பழுப்பேறினால் மாற்றிவிடுங்கள்.

கடலை நமுப்பதற்குத் தடுப்பு பாதிக் காரணம். மீதி, சூடு ஆறாமல் போடுவது. தொட்டால் குளிர்ச்சியாக இருந்தாலும் குவியலின் நடுவில் சூடு நிற்கும். தட்டில் பரப்பி ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, அன்றே பையில் போடுங்கள். மே முதல் அக்டோபர் வரை ரங்கூன் காற்றில் திறந்து வைத்த வறுவல் ஒரு மணி நேரத்திலேயே ஈரம் வாங்கிவிடும்.

---

சிலிண்டர்_லைங்தாயா

மேலே அண்ணன் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. அச்சுப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

முதலில் எடைக்கணக்கு. 12 மைக்ரான் பெட் சதுர மீட்டருக்கு 16.8 கிராம், 70 மைக்ரான் எல்.எல்.டி.பி.ஈ 64.4 கிராம், பசை 3 கிராம். கூட்டினால் 84 கிராம் சொச்சம். 16 × 22 பையில் முன்னும் பின்னும் சேர்த்து 5.9 கிராம். 60 மைக்ரான் தடுப்பு இன்னொரு 2 கிராம். ஆக ஒரு பை 8 கிராம். ஓர் அறை கூட்டியதற்கு மூன்றில் ஒரு பங்கு ஃபிலிம் அதிகம். பைக்காரர் விலை சொல்லும்போது இந்தக் கணக்கு கையில் இருக்கட்டும். தடுப்புக்காக விலை இரட்டிப்பு என்றால் அது ஃபிலிம் விலை இல்லை, வேலைக்கூலி.

மாதம் 3,000 பைக்கு அச்சிட்ட தாள் 18 கிலோதான். குறைந்தது 300 கிலோ எடுக்க வேண்டும் என்று அச்சகம் சொன்னால் ஒன்றரை வருட ஸ்டாக் வீட்டில் கிடக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் (படம் வெட்டிய அச்சு உருளை), அந்தச் செலவு வேறு. முதல் வருடம் அச்சில்லாத பையும் நல்ல ஸ்டிக்கரும் போதும். வடிவம் உறுதியாகிற வரை சிலிண்டர் வெட்டாதீர்கள். பையின் நீளம் 5 மி.மீ. மாறினால்கூட அந்தச் சிலிண்டர் வீண்.

வெட்டுகிற நாள் வந்தால் கவனிக்க வேண்டியவை. ஐ-மார்க் (எங்கே வெட்டுவது என்று மெஷினின் கண் பார்க்கும் குறி) தாளின் ஓரத்தில், பின்னணியோடு நன்றாக வேறுபடும் நிறத்தில், 5 × 10 மி.மீ.; அந்த ஓரப் பாதையில் வேறு எந்த அச்சும் வரக்கூடாது. முன், பின் இரண்டு தாளிலும் அச்சு இருந்தால் இரண்டின் ரிபீட் (படம் திரும்ப வரும்) நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நூறு பைக்குள் படம் நகர்ந்துவிடும். சீல் வரும் பகுதியில் கனமான வெள்ளை மை வேண்டாம். மை பெட்டுக்கும் எல்.எல்.டி.பி.ஈ-க்கும் நடுவில் இருக்கிறது. சூட்டில் சீல் பிடித்துக்கொள்ளும், ஆனால் மை இருக்கும் இடத்தில் அடுக்கு பிரியும். வாங்குகிறவர் அதையும் சீல் விட்டுவிட்டது என்றுதான் சொல்வார். பூண்டும் எண்ணெயும் உள்ளே போகும் என்பதைப் பசை போடுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாதாரணப் பசை இவற்றுக்குத் தாங்காது. லேமினேஷன் முடிந்ததும் 40–45 டிகிரி அறையில் இரண்டு நாளாவது வைத்துப் பிறகுதான் பை வெட்ட வேண்டும். அவசரப்படுத்தினால் பையைத் திறந்ததும் மருந்து வாடை வரும்.

பர்மிய எழுத்து: 7 பாயின்ட்டுக்குக் கீழே போகாதீர்கள். வட்ட எழுத்துகள், அதிலும் கறுப்பில் வெள்ளையாக வருபவை, மை நிரம்பி அடைத்துக்கொள்ளும். கீழே அடுக்கி வரும் எழுத்து முதலில் கெடும். 2019 அக்டோபர் 1-ல் நாடு யூனிகோடுக்கு மாறினாலும் பழைய ஸாஜி (யூனிகோடு அல்லாத பர்மிய எழுத்துரு) கோப்புகள் இன்னும் சுற்றுகின்றன. ஒன்றில் அடித்ததை மற்றொன்றில் திறந்தால் எழுத்து குழம்பும். டிசைனரிடம் எழுத்தை அவுட்லைன் ஆக்கிய (வெறும் வடிவமாக மாற்றிய) கோப்புதான் வாங்குங்கள். அச்சுக்குப் போகுமுன் பர்மியம் நன்றாகப் படிக்கிற ஒருவர் காகிதத்தில் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

தேயிலை அறை பக்கம் தாள் தெளிவாகவே இருக்கட்டும் என்பது என் எண்ணம். 2009-ல் ஆரமைன் ஓ என்ற, உணவுக்கு ஆகாத சாயம் கலந்த லபெட் பிராண்டுகளைச் சுகாதார அமைச்சு பட்டியலிட்டுத் தடுத்ததை வாங்குகிறவர்கள் மறக்கவில்லை; இலையின் நிறத்தைக் கண்ணால் பார்த்துத்தான் எடுப்பார்கள். பின்பக்கம், கடலை அறைக்கு, மெட்டலைஸ்டு பெட் போடலாம். வறுத்த கடலை சிக்கு வாடை அடிப்பது காற்றாலும் வெளிச்சத்தாலும்தான்.

---

மௌல்மீன்_பாக்கிங்

தம்பி, மூன்றாவது தாள் அவசியமா என்று முதலில் யோசியுங்கள். 3,000 பைக்கு எளிய வழி, இரண்டு அறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. 24 × 18 செ.மீ. சாதாரண மூன்று பக்கச் சீல் பை வாங்கி, நடுவே நெட்டுக்கு 10 மி.மீ. சீல் ஒன்று இழுத்தால் இரண்டு அறை. எல்லா இடத்திலும் எல்.எல்.டி.பி.ஈ-யும் எல்.எல்.டி.பி.ஈ-யும்தான் சந்திக்கின்றன. சாதாரண இரண்டு அடுக்குச் சீல்தான், படி கிடையாது, குழாய் கிடையாது. உங்கள் 40 செ.மீ. சீலரிலேயே முடியும். ஃபிலிம் 7.3 கிராம்தான் வருகிறது, மூன்று தாள் பையைவிடக் குறைவு. இரண்டு அறைக்கும் பொதுவாக ஒட்டிக்கொண்டு நிற்கும் தாள் இல்லாததால் பூண்டு வாடையும் அவ்வளவாக ஏறாது. நடுச் சீலை மேலே 15 மி.மீ. முன்னதாக நிறுத்திவிடாதீர்கள், மேல் சீலைத் தாண்டி வரை போக வேண்டும். இல்லையென்றால் அந்த இடைவெளியில் எண்ணெய் அந்தப் பக்கம் தாண்டும்.

குறை என்ன? இலை பக்கம் கனம், கடலை பக்கம் லேசு. தொங்கவிட்டால் பை சாய்ந்து நிற்கும். ஓட்டையை நடுவில் போடாமல் இலைப் பக்கம் 2–3 செ.மீ. தள்ளிப் போட்டால் நேராகும். நிரப்பிய பையை விரலில் தொங்கவிட்டு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அறை அகலத்தையும் சரிபாதியாக வைக்க வேண்டியதில்லை. 60 கிராம் வறுவல் 100 கிராம் இலையைவிட அதிக இடம் அடைக்கும். கலவையை அளவுக் குவளையில் கொட்டி எத்தனை மி.லி. என்று பார்த்து அறை அகலத்தைப் பிரியுங்கள்.

இன்னொன்று. இலையை வேக்குவம் போடும் எண்ணம் இருந்தால் எந்த இரட்டை அறைப் பையும் ஒத்துவராது. மெஷினுக்குள் வைத்தால் கடலை அறையும் சேர்ந்து உறிஞ்சப்படும். பயறு நொறுங்கும், நொறுங்கிய முனை ஃபிலிமைக் குத்தும். அப்போது 15 மைக்ரான் நைலானும் 60 மைக்ரான் பி.ஈ-யும் சேர்ந்த சிறு பையில் இலையைத் தனியாக வேக்குவம் போட்டு, அதை வெளிப்பைக்குள் கடலையோடு வைப்பதே வழி. வெளியூர் பஸ்ஸில் போகும் சரக்குக்கு நான் இதைத்தான் சொல்வேன். மூன்று தாள் பை கடை அலமாரிக்கு அழகு, சாக்கு மூட்டைக்குள் அழுத்தம் தாங்குவது தனிப் பைதான்.

100-உம் 60-உம் சேர்ந்து 160 கிராம், அதாவது பர்மிய எடையில் பத்து டிக்கல் (163 கிராம்) கிட்ட வருகிறது. 3 கிராம் கூட்டிப் பத்து டிக்கலாகவே விற்றால் சந்தையில் சொல்ல எளிது. நம் பழைய எடை வீசைதானே இங்கே விஸ் ஆனது, பத்து டிக்கல் அந்த விஸ்ஸில் பத்தில் ஒன்று. லேபிளில் கிராமையும் போட்டுவிடுங்கள்.

---

கமாயுத்_கடை

பைச்சூடு அண்ணே, மௌல்மீன் அக்கா, சிலிண்டர் அண்ணே, மூன்று பேருக்கும் நன்றி. ரங்கூனுக்குள் விற்பதற்கு 24 × 18-ல் நடுச் சீல் பையிலேயே தொடங்குகிறேன், ஸ்டிக்கரோடு. மூன்று தாள் பைக்கு பி.ஈ – நைலான் – பி.ஈ மாதிரித் துண்டு கேட்டிருக்கிறேன்.

இரண்டு கேள்வி மீதி இருக்கிறது. மரக்கரண்டிக்கு வெளிப்பாக்கெட் எப்படி? கசிவை ஒரு வாரம் காத்திருக்காமல் அன்றே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

---

பைச்சூடு

வெளிப்பாக்கெட்டிலும் அதே முகப் பிரச்சினைதான். உங்கள் பையின் வெளிமுகம் பெட். அதன் மேல் எந்தப் பி.ஈ துண்டையும் சூட்டால் ஒட்ட முடியாது. ஆஸ்பத்திரியில் ரத்த மாதிரி போடும் பைக்குப் பின்னால் சீட்டு வைக்கிற பாக்கெட் எவ்வளவு சுத்தமாக ஒட்டியிருக்கிறது பாருங்கள். அந்தப் பை முழுக்க பி.ஈ. உள், வெளி இரண்டு முகமும் ஒன்று, அதனால் பாக்கெட் ஒரே சூட்டில் ஒட்டுகிறது.

லேமினேட் பையில் செய்ய ஒரு வழி உண்டு. நிற்கும் பைகளின் அடிமடிப்பைப் பிரித்துப் பாருங்கள், இரண்டு ஓரத்திலும் ஓட்டை இருக்கும். மடிப்பின் வெளிமுகம் பெட் என்பதால் தானாக ஒட்டாது. அந்த ஓட்டை வழியே முன்தாளின் பி.ஈ-யும் பின்தாளின் பி.ஈ-யும் தொட்டு ஒட்டிக்கொள்கின்றன. இதே வேலையை நீங்களும் செய்யலாம். முன்தாளின் இரு ஓரத்திலும், ஓரச் சீலின் அகலத்துக்குள் அடங்கும்படி, பாக்கெட் வரும் உயரத்தில் மூன்று மூன்று ஓட்டை. அதன் மேல் பாக்கெட் துண்டை, பி.ஈ முகம் உள்ளே பார்க்க, விரித்து வைத்து ஓரச் சீல் போட்டால் ஓட்டை வழியாகப் பின்தாளோடு பிடிக்கும். ஓரச் சீல் 12 மி.மீ., ஓட்டை 6 மி.மீ., ஓட்டையைச் சுற்றி 3 மி.மீ. சீல் மீதி இருக்க வேண்டும். அடிச் சீலிலும் இரண்டு ஓட்டை போடாவிட்டால் கரண்டி கீழே நழுவும். உங்கள் நடுச் சீல் பைக்கும் இது பொருந்தும், ஓரச் சீல் போடாத பையாக வாங்கினால். ஆனால் 3,000 பைக்குக் கையால் ஓட்டை போடுவது பெரிய வேலை. பார்சலில் சீட்டு வைக்க ஒட்டுகிற பசைப் பாக்கெட் இருக்கிறதே, அதில் சிறியதை எடுத்து ஒட்டிவிடுங்கள். பையை நிரப்புமுன், எண்ணெய்க் கை படுமுன் ஒட்டுங்கள். கரண்டியின் முனைகளைக் காகித உறையில் சுற்றிப் போடுங்கள். கூர் முனை ஒரே உரசலில் பையைக் குத்திவிடும்.

கசிவுச் சோதனை. காலிப் பையில் இலை அறைக்குள் 20 மி.லி. தண்ணீர், நீலச் சாயம் சிட்டிகை, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு. சோப்பு இல்லாத தண்ணீர் சின்ன ஓட்டையில் போகாது, அதனால் சோப்பு சேர்க்க மறக்காதீர்கள். மேல் சீல் வைத்து, வெள்ளைக் காகிதத்தின் மேல் ஒவ்வொரு விளிம்பாகச் சாய்த்து, விளிம்புக்கு ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். மூலைகளில் நீலம் கோடாக ஓடினால் அங்கேதான் குழாய். நடுச் சீலைத் தாண்டி மறு அறையில் நீலம் தெரிந்தால் அது வெளியே வராது, ஆனால் உங்கள் கடலை போயிற்று. அதனால் மறு அறையையும் திறந்து டிஷ்யூ காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். இதில் தேறிய பையில் எண்ணெய் ஊற்றி, மேலே 5 கிலோ அரிசி மூட்டை வைத்து ஓர் இரவு விடுங்கள், அடியில் பழுப்புக் காகிதம் விரித்து. காகிதத்தில் கண்ணாடி போல ஒரு புள்ளி விழுந்திருந்தாலும் அந்த டைமர் எண் சரியில்லை. ஒரு எண் ஏற்றி மறுபடி.

சாயம் போட்ட பைகளை ஒரு மூலையை வெட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள், சரக்குப் பையோடு கலந்துவிடக் கூடாது. வேலை நாளில் காலையில் மூன்று, மதியம் ஜெனரேட்டருக்கு மாறியதும் மூன்று என்று சோதித்தால் போதும்.